பிரதியும் மூலமும்: செவ்வியல் திரைப்படங்களின் வீட்டுப் பதிப்புகளில் படத்தரம் மதிப்பிடல் - அபு முத்தொடரை முன்வைத்து

திரைப்படத்தை ஆய்வுப்பொருளாகக் கொள்ளும் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் இந்தியப் பல்கலைக்கழக மொழித்துறைகளில் பெருகியுள்ளன. அவற்றில் படத்தின் பெயரும், இயக்குநர் பெயரும், வெளிவந்த ஆண்டும் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆய்வாளர் கண்ட பிரதி எது என்னும் செய்தி மட்டும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. சங்க நூலொன்றை மேற்கோள் காட்டுவோர் எவர் பதிப்பு, எந்த ஆண்டு என்று குறிக்காது விடின் அது குறையெனக் கொள்ளப்படும் இத்துறையில், திரைப்படத்திற்கு மட்டும் அக்கட்டுப்பாடு தளர்ந்து நிற்பது நோக்கத்தக்கது. 'பதேர் பாஞ்சாலி, 1955' என்று எழுதும் ஆய்வாளர் 1955ஆம் ஆண்டின் பிரதியைக் கண்டவர் அல்லர். அவர் கண்டது ஒரு வீடியோ நாடாவாகவோ, இரண்டு குறுந்தகடுகளாகவோ, அண்மையில் வந்த புளூ-ரே தகடாகவோ இருக்கலாம். இம்மூன்றும் ஒரே படத்தின் பெயரைத் தாங்கியவை. ஆயினும் ஒளியாலும் நிழலாலும் அமைந்த ஒரு கலைப்படைப்பாக நோக்கின் மூன்றும் ஒன்றல்ல.

பழைய படங்களின் வீட்டுப் பதிப்புகளை ஒப்பிட்டு, எது மூலத்திற்கு நெருங்கியது என்று மதிப்பிடும் பழக்கம் மேலை நாடுகளில் நாற்பதாண்டு வரலாறு உடையது. அது தொடக்கத்தில் தகடு சேகரிப்போரின் பொழுதுபோக்காக இருந்து, படிப்படியாக ஒரு பாடத்திறனாய்வு முறையாக வளர்ந்தது. அவ்வளர்ச்சியைச் சத்யஜித் ரேயின் அபு முத்தொடரை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. 'பதேர் பாஞ்சாலி' (1955), 'அபராஜிதோ' (1956), 'அபுர் சன்சார்' (1959) என்னும் மூன்று படங்களின் மூல நெகட்டிவ்கள் தீயில் சிக்கியவை. அதனால் மூலம், பிரதி, பதிப்பு ஆகிய கேள்விகள் இங்கே வெறும் கோட்பாட்டளவில் நில்லாமல் கையால் தொட்டறியத்தக்கனவாகின்றன.

மூலம் என்பது எது?

படப்பிடிப்பின்போது ஒளிப்பதிவுக் கருவியினுள் ஓடிய சுருளே மூல நெகட்டிவ். அதிலிருந்து நுண்துகள் பாசிட்டிவ் ஒன்று எடுக்கப்படும், அதிலிருந்து மறுநெகட்டிவ், மறுநெகட்டிவிலிருந்து திரையரங்குப் பிரதி. பணமும் நேரமும் குறைந்த இடங்களில் இடைப்பட்ட படிகளைத் தவிர்த்து மூல நெகட்டிவிலிருந்தே நேராக நூற்றுக்கணக்கான பிரதிகளை எடுப்பதும் உண்டு. இந்தியாவில் பல படங்களின் மூல நெகட்டிவ்கள் தேய்ந்தமைக்கு இவ்வழக்கமும் ஒரு காரணம். வெற்றி பெற்ற படத்தின் நெகட்டிவே மிகுதியாகத் தேய்ந்தது என்பது இவ்வரலாற்றின் முரண்.

படியெடுக்குந்தோறும் இழப்பு நேர்வது சுவடிக்கும் படச்சுருளுக்கும் பொது. ஆயின் இழப்பின் இயல்பு வேறு. ஏடெழுதுவோர் பிழை ஓரிடத்தில் நேர்ந்து அவ்விடத்திலேயே நிற்கும். அடுத்த அடி பிழையின்றி இருக்கக்கூடும். படச்சுருளின் இழப்போ ஒவ்வொரு சட்டகத்திலும் ஒரே அளவில் பரவும். நிழலின் உள்ளே இருந்த வேறுபாடுகள் கருமையில் மூடிக்கொள்கின்றன. வெளிச்சத்தின் உள்ளே இருந்தவை வெண்மையில் கரைகின்றன. இடைப்பட்ட சாம்பல் நிறச் சாயல்கள் சுருங்குகின்றன. ஏட்டில் சிதைந்த சொல்லை யாப்பும் பொருளும் கொண்டு ஓரளவு ஊகித்து மீட்கலாம். மூடிக்கொண்ட நிழலுள் என்ன இருந்தது என்பதை எந்த யாப்பும் சொல்லித் தராது. வேறொரு நல்ல பிரதி கிடைத்தாலன்றி அதனை அறிய இயலாது.

இங்குத் துகள் பற்றியும் குறிப்பிட வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் என்பது வெள்ளித் துகள்களின் தொகுதியே. திரையில் மெல்லிய மணற்படலம் போல் அசையும் துகள்களை அழுக்கெனக் கருதுவோர் பலர். அது படத்தின்மேல் படிந்த தூசியன்று, படமே அதுதான். இந்த ஓர் உண்மை உணரப்படாமையால் நேர்ந்த கேடுகள் பின்னர்க் கூறப்படும்.

1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றுவது. அதன் பின் வந்த அசிட்டேட் சுருள் தீக்கு அஞ்சவில்லை. வெப்பத்திற்கும் ஈரத்திற்கும் தோற்றது. காடியின் நெடி வீசச் சுருங்கி வளைந்து போவது அதன் நோய். 1964இல் புனேயில் இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றுவதற்கு முன்பே பல படங்கள் மறைந்துவிட்டன. தமிழின் முதற் பேசும்படமாகக் கொள்ளப்படும் 'காளிதாஸ்' (1931) இன்று இல்லை. 2003 சனவரியில் புனேயில் நிகழ்ந்த தீவிபத்தில் எஞ்சியிருந்த நைட்ரேட் சுருள்களில் பலவும் அழிந்தன. ஆகவே வீட்டுப் பதிப்பின் தரம் பற்றிய எந்த ஆய்வும், தகடு அச்சிட்ட நிறுவனத்தைக் குறைகூறுமுன், அந்நிறுவனத்திற்குக் கிடைத்த சுருள் எத்தகையது என்று வினவுதல் முறையாகும்.

நாடாவும் குறுந்தகடும்

1976இல் சப்பானில் அறிமுகமான விஎச்எஸ் நாடா திரைப்படத்தை வீட்டுப் பொருளாக்கியது. அதில் கிடைமட்டமாகப் பிரித்தறியக்கூடிய கோடுகள் ஏறத்தாழ 240. இந்தியாவில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ணத் தொலைக்காட்சி பரவியபோது வீடியோ நாடாவும் உடன் பரவியது. வங்கப் படங்களைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் வாழ்ந்த பலருக்கு அவற்றை அறிமுகம் செய்தது தூரதர்சனின் ஞாயிறு பிற்பகல் மாநில மொழிப்பட வரிசையே. படச்சங்கங்களின் பதினாறு மில்லிமீட்டர் பிரதிகளைக் கண்டோர் சிலர். தொலைக்காட்சியில் கண்டோர் பலர். ஒரு தலைமுறையின் ரே அந்தச் சிறிய கண்ணாடித் திரையில் உருவானவர்.

அத்திரையின் இயல்பு இரண்டு. முதலாவது, குழல்வகைத் தொலைக்காட்சி படத்தின் நான்கு விளிம்புகளையும் சிறிதளவு சட்டத்தினுள் மறைத்துக்கொள்ளும். சட்டக அமைப்புப் பற்றி, அதாவது கதவோரத்தில் யார் நிற்கிறார், விளிம்பில் என்ன தெரிகிறது என்பது பற்றி, அக்காலத்தில் எழுதப்பட்ட நுண்குறிப்புகளை இக்காரணத்தால் மீண்டும் சரிபார்க்க வேண்டியுள்ளது. இரண்டாவது, வெண்மையில் நீலச்சாயல் மிகுமாறு அவை அமைக்கப்பட்டிருந்தன. கறுப்பு வெள்ளைப் படம் நீலமும் வெள்ளையுமாகத் தெரிந்ததைப் பலரும் 'பழைய படத்தின் நிறம்' என்றே கொண்டனர்.

1990களில் வந்த விசிடி, நாடாவின் தேய்மானத்தைப் போக்கியது, தெளிவைக் கூட்டவில்லை. நம் நாட்டின் பால் ஒளிபரப்பு முறைக்குரிய விசிடியின் படம் 352 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் கொண்டது. சட்டகமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் புள்ளிகள். ஒரு தகட்டில் 74 நிமிடம் மட்டுமே அடங்குமாதலின் படம் இரண்டு அல்லது மூன்று தகடுகளாகப் பிரிந்தது. இயக்குநர் எண்ணியிராத இடைவேளைகள் தோன்றின. 1996இல் சப்பானில் வெளியான டிவிடி, பால் முறையில் 720க்கு 576 என்னும் அளவால் புள்ளிகளை நான்கு மடங்காக்கியது. 2006இல் வந்த புளூ-ரே 1920க்கு 1080 என்னும் அளவுடையது. ஆயின் ரேயின் தொடக்ககாலப் படங்களின் சட்டகம் 1.37க்கு 1 என்னும் விகிதத்தது. அகன்ற தொலைக்காட்சித் திரையில் அதனைச் சிதைக்காது வைத்தால் இருபுறமும் கரும்பட்டை விட்டு, 1480க்கு 1080 என்னும் பரப்பே படத்திற்குக் கிடைக்கும். கரும்பட்டையைக் குறையென எண்ணிப் படத்தை இழுத்து நிரப்பும் வழக்கம் வீடுகளில் மட்டுமன்றி வகுப்பறைகளிலும் காணப்படுவது வருந்தத்தக்கது.

பெரிதும் கவனிக்கப்படாத வேறொன்றும் உண்டு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம் ஓடுவது. பால் முறைத் தொலைக்காட்சி நொடிக்கு 25. இவ்விரண்டையும் பொருத்துவதற்கு எளிய வழி படத்தைச் சற்று விரைந்து ஓட்டுவதே. அவ்வாறு மாற்றப்பட்டால் 125 நிமிடப் படம் 120 நிமிடத்தில் முடியும். ஒலியும் உடன் உயரும். அவ்வுயர்ச்சி ஓர் அரைச்சுரத்தில் முக்கால் பங்கை நெருங்கும். ரவிசங்கரின் இசை அமைந்த படங்களில் இதன் விளைவு அற்பமன்று. படத்தின் காலகதியை நிமிடக் கணக்கிட்டு ஆராய்வோர் எம்முறைத் தகட்டைக் கொண்டு கணக்கிட்டனர் என்பதைக் கூறாவிடின், அக்கணக்கிற்கு மதிப்பில்லை.

விலையையும் மறத்தலாகாது. 2000களின் பிற்பகுதியில் முப்பது ரூபாய் அளவிலேயே பழைய படங்களின் தகடுகள் இந்தியக் கடைகளில் கிடைத்தன. நடைபாதைத் திருட்டுத் தகடுகளுக்கு அது நேர்மையான மாற்றாக அமைந்தது. சிற்றூர்க் கல்லூரி மாணவருக்கும் திரைப்பட வரலாறு எட்டியது. தரம் தாழ்ந்த பிரதியைப் பழிக்கும் திறனாய்வு இந்த நன்மையைக் கணக்கில் கொள்ளாதது பிழையே.

தூய்மையாக்கத்தால் நேர்ந்த கேடு

தகட்டின் தரம் உயர உயரப் பழைய படங்களைத் 'தூய்மை' செய்யும் ஆர்வமும் உயர்ந்தது. கீறல், தூசி, துகள் ஆகியவற்றைக் கணிப்பொறி தானே கண்டு நீக்கும் முறை பரவியது. அம்முறைக்கு அழுக்கும் கலையும் வேறல்ல. ஒரு சட்டகத்தில் இருந்து அடுத்த சட்டகத்தில் இல்லாத சிறு புள்ளி எதுவாயினும் அது அழுக்கே. இதற்கு மிகச் சிறந்த சான்று ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' (1941). அதன் மூல நெகட்டிவ் எஞ்சவில்லை. 2001இல் வந்த டிவிடி மிகத் தூய்மையானது எனப் பாராட்டப்பட்டது. பெர்ன்ஸ்டைன் தம் அலுவலகத்தில் அமர்ந்து பழங்கதை கூறும் காட்சியில் அவருக்குப் பின்னேயுள்ள சாளரத்தில் மழை பெய்ய வேண்டும். பழைய பிரதிகளை நன்கறிந்தோர், அத்தகட்டில் மழை பெய்யவில்லை என்பதைக் கண்டனர். துகள் நீக்கும் செயல்முறை மழைத்துளிகளையும் சேர்த்துத் துடைத்திருந்தது. அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளிவாகத் தெரியுமாறு கிரெக் டோலண்ட் அமைத்த ஒளிப்பதிவே அப்படத்தின் பெருமை. சேய்மையில் இருந்த மழைதான் அழிந்தது. 2011இல் வந்த புளூ-ரே பதிப்பில் மழை மீண்டது.

'பேட்டன்' (1970) என்னும் படத்தின் 2008ஆம் ஆண்டுப் புளூ-ரே இதே வகையிற் கண்டிக்கப்பட்டது. துகளோடு தோலின் நுண்வரிகளும் நீங்க, முகங்கள் மெழுகுப் பொம்மை முகங்களாயின. பொதுமக்கள் பலர் அத்தகட்டை விரும்பினர் என்பதே இங்குச் சுவையான செய்தி. புதுத் தொலைக்காட்சிக்குப் புதுத் தோற்றம் பொருந்தியது. தரம் என்னும் சொல்லை 'இன்றைய கண்ணுக்கு இனிமை' என்று கொள்வதா, 'அன்றைய படைப்புக்கு உண்மை' என்று கொள்வதா என்னும் பூசல் இங்குத் தெளிவாக வெளிப்படுகிறது. பின்னர் 2012இல் துகள் காக்கப்பட்ட பதிப்பு வந்தது.

படைத்தோர் உயிருடன் இருப்பின் ஐயம் தீரும் எனக் கருதலாம். அதுவும் உறுதியில்லை. 'தி பிரெஞ்ச் கனெக்ஷன்' (1971) படத்தின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பில் இயக்குநர் வில்லியம் பிரீட்கின் தாமே நிறங்களை வெளிறச் செய்து புதுத் தோற்றம் அளித்தார். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். 2012இல் பழைய தோற்றத்திற்கு நெருங்கிய பதிப்பு ஒன்று வெளியாயிற்று. ஆசிரியர் தம் நூலைப் பிற்காலத்தில் திருத்தினால் எப்பாடம் கொள்ளத்தக்கது என்னும் பதிப்பியல் வினாவே இது. வேறுபாடு ஒன்று: திரைப்படத்திற்கு ஆசிரியர் ஒருவரல்லர்.

இந்தியாவில் தூய்மையாக்கம் என்பது மறுவெளியீட்டு வணிகத்தோடு பிணைந்தது. பெரும்பகுதி கறுப்பு வெள்ளையில் அமைந்த 'முகல்-இ-ஆசம்' (1960) 2004இல் முழுதும் வண்ணமூட்டப்பட்டு, அகலத்திரைக்கும் புதிய ஒலியமைப்புக்கும் மாற்றப்பட்டு, நீளமும் குறைக்கப்பட்டு வெளிவந்தது. மக்கள் திரண்டனர், படமும் புத்துயிர் பெற்றது. 1.37 விகிதச் சட்டகத்தை மேலும் கீழும் வெட்டி 2.35 விகித அகலத்திரைக்குப் பொருத்தினால் உயரத்தில் ஏறத்தாழ 42 விழுக்காடு இழக்கப்படும் என்பது எளிய கணக்கு. நூலொன்றின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலும் கீழுமாகச் சில வரிகளை வெட்டி அழகிய தாளில் அச்சிட்டால் அதனைப் புதிய பதிப்பென்று எவரும் கொள்ளார். திரைப்படத்தில் அது கொள்ளப்பட்டது.

எரிந்த சுருள்கள்

1992இல் அமெரிக்கத் திரைப்படக் கலைக்கழகம் ரேக்குச் சிறப்பு ஆஸ்கர் விருதளித்தது. கொல்கத்தாவில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவாறே அவர் அதனை ஏற்றார். அவ்வாண்டு ஏப்ரல் 23இல் மறைந்தார். விழாவில் காட்டுதற்கு அவர் படங்களிலிருந்து நல்ல துணுக்குகளைத் திரட்டுவதே அரிதாக இருந்தமை அமைப்பாளருக்கு அதிர்ச்சி அளித்தது. அதன் விளைவாக ரேயின் படங்களைக் காக்கும் முயற்சி தொடங்கிற்று. பல படங்களின் மூல நெகட்டிவ்கள் இலண்டனிலுள்ள ஹெண்டர்சன் திரைப்படக் கூடத்திற்கு அனுப்பப்பட்டன. 1993 சூலையில் அக்கூடத்தில் பெருந்தீ மூண்டது. பழைய பிரித்தானியப் படங்களின் நைட்ரேட் சுருள்கள் எரிந்தன. ரேயின் சுருள்களும் அத்தீயில் சிக்கின. காப்பதற்கென்று அனுப்பப்பட்ட இடத்திலேயே அழிவு நேர்ந்தது.

எஞ்சியவை கருகியும் ஒட்டியும் சுருங்கியும் கிடந்த துண்டுகள். அச்சிட இயலாதவை என்று கருதப்பட்ட பின்னும் அவை வீசியெறியப்படவில்லை. அமெரிக்கக் கலைக்கழகத்தின் காப்பகத்தில் இருபதாண்டு கிடந்தன. பயனற்றதைப் பாதுகாத்த இச்செயலே பின்னைய பதிப்புக்கெல்லாம் அடிப்படை. செல்லரித்த ஏட்டையும் எறியாது வைத்திருந்த மடங்களின் நினைவு தமிழ் ஆய்வாளருக்கு இங்கு எழுதல் இயல்பு.

2013 அளவில் கிரைட்டீரியன் நிறுவனமும் கலைக்கழகக் காப்பகமும் இணைந்து அச்சுருள்களை ஆராய்ந்தன. இத்தாலியின் பொலோன்யா நகரத்து லிம்மாஜினே ரித்ரொவாதா கூடத்தில் பணி நடந்தது. உலர்ந்து முறியும் சுருளுக்கு முதலில் ஈரம் ஊட்டப்பட்டது. உருகிப் படிந்த ஒட்டுநாடாவும் மெழுகும் பசையும் கையால் அகற்றப்பட்டன. விளிம்புத் துளைகள் ஒவ்வொன்றாகப் புதிதாய் அமைக்கப்பட்டன. கைவேலைக்கு மட்டும் ஏறத்தாழ 1000 மணிநேரம் ஆயிற்று. முடிவில் 'பதேர் பாஞ்சாலி'யில் 40 விழுக்காடும், 'அபராஜிதோ'வில் 60 விழுக்காட்டிற்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே மீட்கப்பட்டன. எஞ்சிய பகுதிகளும், 'அபுர் சன்சார்' முழுதும், பல காப்பகங்களில் இருந்த நுண்துகள் பாசிட்டிவ்களையும் மறுநெகட்டிவ்களையும் கொண்டு நிரப்பப்பட்டன. 2015 மே மாதத்தில் நியூயார்க்கில் திரையிடப்பட்ட இப்பதிப்பு, அவ்வாண்டு இறுதியில் தகடாக வந்தது.

ஆகவே இன்று பெரிதும் போற்றப்படும் அபு முத்தொடர்த் தகடு ஒரு கலப்புப் பதிப்பு. பல ஏடுகளை ஒப்புநோக்கி 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையரின் பணியோடு இதனை ஒருவகையில் ஒப்பிடலாம்; எச்சுவடி எவ்விடத்தில் உதவிற்று என்பது இரண்டிலும் தலையாய வினா. ஆனால் தமிழ்ப் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் பாடவேறுபாடு தருவர். தகட்டில் அவ்வசதி இல்லை. மீட்புப் பணி பற்றிய பொதுவிளக்கமும் ஒரு குறும்படமும் உடன் தரப்பட்டுள்ளன. இந்தக் காட்சி நெகட்டிவிலிருந்து வந்தது, இந்தக் காட்சி மறுநெகட்டிவிலிருந்து வந்தது என்னும் காட்சிவாரிக் குறிப்பு தரப்படவில்லை. கூர்ந்து பார்ப்போர் துகளின் பருமை மாறுவதைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவே. இத்துணை உயர்ந்த பணியில் இவ்வொரு குறை எஞ்சியிருப்பது ஆய்வாளர் நோக்கில் பெருங்குறையே.

காட்சிகளின் சான்று

படத்தரத்தை மதிப்பிட எக்காட்சிகளை நோக்குவது என்பதற்கு இம்முத்தொடரே விடை தருகிறது. 'பதேர் பாஞ்சாலி'யில் அபுவும் துர்காவும் நாணற்பூக் காட்டினூடே தொடர்வண்டியைக் காணச் செல்லும் காட்சி முதலில் வைக்கத்தக்கது. வெண்பூக்கள் வெளிறிய வானத்தின் முன் அசைகின்றன. அதனைக் கிழித்துக் கரும்புகை செல்கிறது. பல படி கடந்த பிரதியில் பூவும் வானும் ஒரே வெண்பரப்பாகிவிடும். விசிடியில் இன்னொரு கேடு நேரும். அசையும் ஆயிரம் நாணல்களைச் சிறு இடத்தில் அடக்க இயலாது படம் சதுரக் கட்டங்களாக உடையும். குளத்து நீரில் பூச்சிகள் ஓடுவதும் முதல் மழைத்துளிகள் விழுவதும் ஆன பகுதிக்கும் இதுவே கதி. படத்தின் கவித்துவம் எனத் திறனாய்வாளர் சுட்டும் இடங்களே தாழ்ந்த பிரதியில் முதலில் அழிகின்றன என்பது கருதத்தக்கது.

ஆயின் எல்லா ஏற்றத்தாழ்வும் பிரதியின் குற்றமன்று. இப்படத்தின் படப்பிடிப்பு 1952 அக்டோபரில் அந்த நாணற்காட்டிலேயே தொடங்கிற்று. அடுத்த வாரம் குழுவினர் திரும்பியபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. எஞ்சிய பகுதிக்கு அடுத்த பருவம் வரை காத்திருக்க நேர்ந்தது. பணமின்றிப் பணி நிற்பதும் தொடர்வதுமாய் ஆண்டுகள் கழிந்தன. மேற்கு வங்க அரசின் உதவியாலேயே படம் நிறைவுற்றது. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா அதற்குமுன் திரைப்படக் கருவியைக் கையாண்டவர் அல்லர். ஒரே காட்சியினுள் ஒளி மாறினால் அது 1950களின் வறுமையா, 1993இன் தீயா, 2015இன் ஒட்டா என்று பிரித்தறிய வேண்டும். 'கரடுமுரடான எதார்த்தத் தோற்றம்' என்று இப்படத்தைப் பற்றி எழுதுவது நெடுநாள் வழக்கு. அக்கரடுமுரடில் எவ்வளவு ரேயுடையது, எவ்வளவு தேய்ந்த பிரதியுடையது என்பதை 2015க்கு முன் எழுதியோர் அறிய வாய்ப்பில்லை. அவர்கள்மீது பழியில்லை. அவ்வெழுத்துகளை இன்று அப்படியே எடுத்தாளுவோர்க்கு அவ்விலக்கு இல்லை.

'அபராஜிதோ'வின் சான்று இதனினும் வலியது. காசி நகரத்து வீட்டின் முற்றம் படப்பிடிப்புக் கூடத்தில் பன்சி சந்திரகுப்தாவால் அமைக்கப்பட்டது. மேலே திறந்த வானிலிருந்து இறங்கும் நிழலற்ற மென்னொளி அங்கு வேண்டும். மித்ரா அரங்கின்மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அத்துணியை நோக்கி வைத்து, தெறித்து வரும் ஒளியில் படம்பிடித்தார். திரைப்பட ஒளியமைப்பு வரலாற்றில் குறிப்பிடத்தக்க செயல் அது. அதன் பயன் முழுதும் சாம்பல் நிறச் சாயல்களிலேயே தங்கியிருக்கிறது: சுவருக்கும் புடவைக்கும் இடையே, கன்னத்துக்கும் கழுத்துக்கும் இடையே உள்ள மிகச் சிறிய வேறுபாட்டில். கறுப்பும் வெளுப்பும் மட்டும் எஞ்சிய நாடாப் பிரதியில் மித்ராவின் துணி இல்லை. சாதாரணக் கூடவெளிச்சமே இருக்கிறது. மித்ரா 2001இல் மறைந்தார். புதிய பதிப்பின் ஒளிச்சாயலைச் சரிபார்க்க ரேயும் இல்லை, அவரும் இல்லை.

தமிழோடு நேர்த்தொடர்புடைய சான்று ஒன்றையும் இங்கு இணைத்து நோக்கலாம். உதய்சங்கரின் 'கல்பனா' (1948) சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது, ஒளிப்பதிவு கே. ராம்நாத். பத்மினி முதன்முதலில் திரையில் தோன்றியதும் அதிலேயே. உலகத் திரைப்பட நிறுவனம் புனேக் காப்பகத்தில் இருந்த மறுநெகட்டிவையும் ஒரு பாசிட்டிவையும் கொண்டு மீட்டு, 2012இல் கான் விழாவில் திரையிட்டது; 2022இல் அது தகடாக வந்தது. இங்கு மூல நெகட்டிவின் ஒளி சிறிதும் இல்லை. ராம்நாத்தின் நிழல்கள் எவ்வளவு ஆழமுடையவை என்பதை இத்தகட்டைக் கொண்டு அறுதியிட முடியாது. நடன அசைவும் அரங்க அமைப்பும் குழுவின் வரிசையும் பற்றி எழுத இது போதும். ஒரு பிரதி ஒரு வினாவுக்குத் தகுதியுடையதாகவும் மற்றொரு வினாவுக்குத் தகுதியற்றதாகவும் இருக்கக்கூடும்.

'அபுர் சன்சார்' பற்றி ஒரு குறிப்பு எஞ்சியுள்ளது. அபுவும் அபர்ணாவும் திரையரங்கில் அமர்ந்து படம் பார்க்கின்றனர். அவர்கள் காணும் திரையின் நாற்சதுரம் மெல்லக் கரைந்து, வீடு திரும்பும் குதிரைவண்டியின் பின்சாளரமாக மாறுகிறது. அக்காலத்தில் இத்தகைய கரைவுகள் பொதுவாக ஆய்வுக்கூடத்தில் இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியெடுத்தே அமைக்கப்பட்டன. அவ்வாறு அமைந்த கரைவு, மூல நெகட்டிவினுள்ளேயே ஒரு படி இறங்கிய பிரதியாகத்தான் இருந்திருக்கும். தகட்டில் இவ்விடத்தில் துகள் தடித்துக் கருமை கூடுவதைக் காணும் மதிப்பீட்டாளர், மீட்புப் பணியின் குறை என்று எழுதும் முன், கரைவு தொடங்கும் சட்டகத்திற்கு முன்னும் பின்னும் உள்ள சட்டகங்களை நிறுத்தி ஒப்பிடுதல் வேண்டும். மாற்றம் கரைவோடு தொடங்கிக் கரைவோடு முடியுமாயின், அது பெரும்பாலும் 1959ஆம் ஆண்டினுடையது.